ராத்தா சொன்ன படங்கள்

ராத்தாவின் சிரிப்பைத்தான் நான் முதலில் கேட்டேன். ஆளைப் பார்த்தது பிறகு.

கல்யாணம் முடித்து நான் மன்னார்த் தீவுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலைமன்னார் வீதியில், பட்டணத்திலிருந்து நாலு மைல் தள்ளி எங்கள் வாடகை வீடு. அந்தப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது என்று பாடசாலை மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருக்கு முன்னால் மேசையில் மட்டையால் செய்த ஊர் ஒன்று இருந்தது. சின்னச் சின்ன வீடுகள், பச்சைக் கடதாசி மரங்கள், நடுவில் உயரமாக ஒரு தண்ணீர்த் தாங்கி. அவர் குரல் தழுதழுக்க, "இனி உங்கள் பிள்ளைகள் தாகத்தோடு நித்திரைக்குப் போகமாட்டார்கள்" என்று சொல்லிக் கையை வீசினார். கை பட்டுத் தாங்கி சாய்ந்து, ஒரு வீட்டை நசுக்கிக்கொண்டு விழுந்தது.

எல்லாரும் காணாததுபோல இருந்தோம். பின்வரிசையில் மட்டும் ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, முக்காட்டு நுனியால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஊர் அலுவலரான விதானையார் திரும்பி முறைத்தார். அந்தப் பெண் கையெடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்.

பேச்சு நீண்டது. சனம் ஒவ்வொருவராக நழுவியது. கடைசியில் பத்துப் பேர் மிஞ்சியிருந்தோம். அந்தப் பெண் முன்வரிசைக் கதிரைக்கு வந்து, வாத்தியார் பாடம் எடுப்பதைக் கேட்கும் பிள்ளைபோலக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். பிறகு எழுந்துபோய், தன் முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றித் தாங்கியை மட்டையோடு சேர்த்து நிமிர்த்திக் குத்தினார்.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க சேர். எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க" என்றார்.

அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்வதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெண்ணைப் பற்றிய என் எண்ணம் அந்த இடத்தைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். தெருவில் சின்னவர்களும் பெரியவர்களும் அவரை, முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல, ராத்தா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய வயது. தொண்ணூறில், சண்டைக் காலத்தில், தீவிலிருந்து முஸ்லிம் சனங்களை வெளியேற்றியபோது குமரியாகப் புத்தளத்துக்குப் போனவர், விதவையாகத் திரும்பி வந்திருந்தார். ஒரே மகளைப் புத்தளத்திலேயே கட்டிக்கொடுத்து, அவள் அங்கேயே இருந்தாள். இதெல்லாம் அவர் சொல்லி நான் அறிந்ததல்ல. தன்னைப் பற்றி அவர் பேசமாட்டார். பேச்சு முழுக்கப் படங்களைப் பற்றித்தான்.

அடுத்த வருடம் எனக்கு மூன்றாம் தடவையாகப் பிள்ளை தங்கியது. முதல் இரண்டும் நிற்கவில்லை. கட்டிலை விட்டுத் தேவையில்லாமல் இறங்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவர் வவுனியா போகிற தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். அம்மாவும் அப்பாவும் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் வேலை. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய காலத்திலிருந்தே நாட்கூலி. அம்மாவால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வர முடிந்தது. மற்ற நாட்களில் நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வயிற்றில் ஏதாவது அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம்.

அப்படி ஒரு மத்தியானம், லுஹர் தொழுகை முடித்துவிட்டு ராத்தா வந்தார். ஒரு கையில் இஞ்சித் தேத்தண்ணிப் போத்தல். மற்றக் கையில் சிடி போடுகிற பழைய மெஷின்.

"மகள், படம் பாப்பியா?"

"என்ன படம் ராத்தா?"

"மோசமான படம்" என்றார், பண்டம் கொண்டுவந்தவர்போல.

படம் தொடங்கியது. வானத்தில் ஒரு தட்டு ஆடி ஆடி வந்தது. ராத்தா மடியில் அடித்துக்கொண்டார். "நூல் தெரியுது! பார் மகள், நூல்!" எனக்குத் தெரியவில்லை. மூன்று தரம் பின்னுக்கு ஓட்டிக் காட்டினார். மூன்றாம் தரம் தெரிந்தது. தட்டைக் கட்டித் தூக்கியிருந்த மெல்லிய நூல், வெயிலில் சிலந்தி நூல்போல மின்னியது. தட்டுக்குள்ளிருந்து ஒரு பச்சை மனிதன் இறங்கினான். முதுகில் உடுப்பை இழுத்துப் பூட்டுகிற சிப் இருந்தது. நான் சிரித்துவிட்டேன்.

ராத்தாவின் முகம் மாறிவிட்டது.

"ஏன் சிரிக்கிறாய்? அவன்ட ஊர் எரிஞ்சு போச்சு. அங்க ஒருத்தரும் மிச்சமில்ல. இருக்க இடம் தேடி வாறான்."

நான் சிரிப்பை விழுங்கினேன். அடுத்த நிமிடம் பச்சை மனிதன் வாசற்படியில் தடுக்கி விழுந்தான். ராத்தா கதிரையில் இருந்து விழாத குறையாகச் சிரித்தார். எந்த இடத்தில் சிரிப்பது, எந்த இடத்தில் கவலைப்படுவது என்று இரண்டு கிழமையாக எனக்குப் பிடிபடவே இல்லை.

படங்கள் எல்லாம் ஆங்கிலம். ராத்தாதான் கதை சொல்லுவார். இவள் டொக்டர், அவன் இவளுடைய மச்சான், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, தண்ணீருக்குள் இருக்கிற மிருகம் கெட்டதல்ல, பசி. எப்போதும் மிருகத்தின் பக்கம்தான் நிற்பார். ரப்பரில் செய்த பல்லி ஒன்று கட்டடங்களை மிதித்தபோது, "வழி விட்டா அது பேசாமப் போயிரும்" என்றார். சந்திரனில் இறங்கியவர்களுக்குப் பின்னால் திரைச்சீலை காற்றில் ஆடியது. "ஆரோ ஜன்னலைச் சாத்த மறந்துட்டான். பாவம், எடுக்கிற அவசரத்தில என்ன செய்வான்" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். தொடங்கிய படத்தை முடிக்காமல் எழும்பமாட்டார். அசர் பாங்கு சொன்னால் நிறுத்திவைத்துவிட்டுப் போய்த் தொழுதுவிட்டு வந்து தொடர்வார். கரண்ட் போனால் மறுநாள் அதே இடத்திலிருந்து போடுவார். எவ்வளவு கேவலமான படமாக இருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை நான் அலுத்துப்போய், "காணும் ராத்தா, வேற போடுங்கோ" என்றேன்.

"எடுத்தவன் முடிவு வரைக்கும் எடுத்தானே மகள். நாங்க இருந்து பாக்கக் கூட ஏலாதா?" என்றார்.

இந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். அவருடைய கணவர் புத்தளத்தில் சிடி வாடகைக்குக் கொடுக்கிற கடை வைத்திருந்தாராம். கணவர் சீனி வியாதியில் இறந்துபோனார். சனமும் போனில் படம் பார்க்கப் பழகிவிட்டது. கடையைப் பூட்டுகிறபோது நல்ல படங்களையெல்லாம் ஆட்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியவை இரண்டு பிஸ்கட் பெட்டி நிறைய. கடை நடந்த காலத்தில் ஒருவர்கூட வாடகைக்கு எடுக்காத படங்கள்.

"அதாலதான் பாக்கிறீங்களா?"

"ஓம்" என்றார்.

இன்னொரு நாள் அதே கேள்வியைக் கேட்டேன். "அவருக்கு இந்தப் படங்களில நல்ல விருப்பம்" என்றார். வேறொரு நாள், "இந்தப் பேய்களுக்குப் பயப்படத் தேவையில்ல, அதான்" என்றார். இன்னொரு நாள், "எனக்கென்ன தெரியும்? உனக்கு விருப்பமெண்டுதானே கொண்டாறன்" என்றார். நாலு பதில். ஒன்று உண்மையா, நாலும் உண்மையா, ஒன்றுமே இல்லையா என்று யோசித்துக் களைத்துப்போனேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் என் கணவரின் பஸ் பழுதாகிக் கராஜில் நின்றது. வீட்டில் இருந்தவர் தன் போனில் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். எங்களுடைய நண்டுப் படம். வீடளவு பெரிய நண்டு துறைமுகத்துக்குள் ஏறி வருகிற படம். ஆனால் இதில் எல்லாரும் தமிழ் பேசினார்கள்.

"இது நான் பாத்திட்டன். அந்த நண்டு முட்டையைத் தேடித்தான் வருது. சனம் எடுத்துக்கொண்டு போய் ஹோட்டலில ஒளிச்சு வைச்சிருக்குது. கடைசியில அந்த டொக்டர் பிள்ளை கொண்டுபோய்க் கடலில விடுவாள்" என்றேன்.

கணவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "முட்டையா? அது குண்டு. நண்டைக் கொல்லுறதுக்கு வைச்சிருக்கிற குண்டு."

அவரோடு இருந்து முழுவதையும் பார்த்தேன். அந்தப் பெண் டொக்டர் இல்லை, பத்திரிகைக்காரி. அவளுடைய மச்சான் என்று நாங்கள் நினைத்தவர் அவளுடைய தகப்பன். கடைசியில் அவள் கடலில் போட்டது குண்டைத்தான். நண்டு வெடித்துச் சிதறியது. நானும் ராத்தாவும் அந்த இடத்தில் போன கிழமை கண்ணீர் விட்டிருந்தோம், தாய்க்கும் குஞ்சுகளுக்கும் நல்லது நடந்துவிட்டதென்று.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசரா?" என்று கேட்டுவிட்டுக் கணவர் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் ராத்தா என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றியிருக்கிறார் என்று தோன்றியது. மறுநாள் ராத்தா வந்து மெஷினை வைப்பதற்கு முன்னமே கேட்டேன்.

"ராத்தா, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

"தெரியாதே" என்றார், வியப்போடு. "நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள்."

"அப்ப இவ்வளவு நாளும் எப்பிடிக் கதை சொன்னீங்கள்?"

"படத்தைப் பாத்து எனக்கு விளங்கினதைச் சொன்னன். நீ படிச்ச பிள்ளை. ஏ.எல். எடுத்தவள். பிழையெண்டாச் சொல்லுவாய் எண்டு நினைச்சன். நீ ஒவ்வொண்டுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்தாய். அப்ப நான் சொல்றது சரி எண்டு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?"

என் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அந்த வேகத்துக்கு ஒரு வசனத்தையும் பிடித்ததில்லை. அவருக்கு விளங்குகிறது என்று நினைத்து நான் தலையாட்டினேன். எனக்கு விளங்குகிறது என்று நினைத்து அவர் தொடர்ந்தார். இரண்டு மாதமாக, ஒன்றும் விளங்காத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நம்பி முப்பது படங்களுக்கு மேல் பார்த்திருக்கிறோம்.

நண்டு வெடித்த கதையைச் சொன்னேன். ராத்தா மெஷினை மேசையில் வைத்தார். பிறகு, "அவங்கள் பிழையா எடுத்துட்டாங்கள்" என்றார். அப்புறம்தான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்காதே மகள், பிள்ளைக்குக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி அவரே சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் நல்ல நாட்கள். இப்போது இருவருமே கதை சொன்னோம். வெள்ளித்தாள் உடுத்தியவர்களைப் பார்த்து அவர் கோயில் தர்மகர்த்தாக்கள் என்பார், நான் மின்சார சபை என்பேன். சண்டை வரும். போத்தலுக்குள் இருந்த மூளை யாருடையது என்று இரண்டு நாள் வாதாடினோம். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். கதை எப்படிப் போனாலும் மிருகத்தின் குட்டி எதுவும் சாக அவர் விடவே இல்லை. நான் சாகடித்தாலும் அவர் எழுப்பிவிடுவார்.

எட்டாம் மாதம் தொடங்கிய கிழமை. அன்றைக்கு, தான் நாலு தரம் பார்த்தது என்று சொல்லி ராத்தா போட்டது, பனிக்கட்டிக்குள்ளிருந்து ஒரு மிருகக் குட்டியை வெட்டி எடுக்கிற படம். பழைய கம்பளியில் செய்த குட்டி. கண்ணுக்கு இரண்டு பொத்தான். அதை ஒரு கூட்டில் வைத்துச் சுற்றிவர விளக்குப் போட்டுச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார்கள். உயிர் வருமா வராதா என்று எல்லாரும் குனிந்து பார்க்கிற இடத்தில் எனக்கு அடிவயிறு இழுத்தது. பாயெல்லாம் ஈரம். கையை எடுத்துப் பார்த்தேன். இரத்தம்.

ராத்தா படத்தை நிறுத்தினார். ஒரு படத்தைப் பாதியில் அவர் நிறுத்தி நான் கண்டது அன்றைக்குத்தான். முக்காடு சரிந்தது தெரியாமல் தெருவுக்கு ஓடி, போன ஓட்டோ ஒன்றை மறித்துக்கொண்டு வந்தார். டிரைவரும் அவருமாக என்னைத் தூக்கி ஏற்றினார்கள்.

பட்டணத்துக்குக் கிட்டப் போனபோது நடுவீதியில் கழுதைகள் நின்றன. டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அவை அசையவில்லை. என் தலை ராத்தாவின் மடியில் இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஏன் அந்தக் கேள்வி வந்ததென்று தெரியவில்லை.

"ராத்தா, அந்தக் குட்டிக்கு என்ன நடக்கும்?"

அவர் கழுதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ. அது எழும்புமா?"

"தெரியாது மகள்."

"நாலு தரம் பாத்தனான் எண்டனீங்கள்!"

"பாத்தன்தான். ஆனா தெரியாது."

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. முப்பது படத்துக்கு முடிவு சொன்ன மனிசி. வெடித்துச் சிதறிய நண்டையே காப்பாற்றியவர். "பொய்யெண்டாலும் சொல்லுங்கோ ராத்தா" என்று அழுதேன்.

"உன்ட முகத்தைப் பாத்துக்கொண்டு ஏலாது" என்றார். "நூல் தெரிஞ்சு போயிரும்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் எங்கயும் போகமாட்டன். முடியும் வரைக்கும் இருப்பன். அது மட்டும் சொல்றன்" என்றார்.

டிரைவர் இறங்கிக் கழுதைகளைக் கையால் தள்ளிவிட்டான். ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கதவடியில் தாதி ராத்தாவிடம், "நீங்கள் இவவுக்கு என்ன முறை?" என்று கேட்டது காதில் விழுந்தது. "பக்கத்து வீடு" என்றார். உள்ளே விடவில்லை.

பெண் பிள்ளை. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவு. அழுததைக்கூட எனக்குக் கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். வவுனியாவிலிருந்து பஸ்ஸை இன்னொருவரிடம் விட்டுவிட்டு என் கணவர் வந்து சேர்ந்தபோது, வெளியே மர வாங்கில் ராத்தா இருந்தாராம். என் கணவர் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாராம். போகவில்லை. விடிந்து பார்த்தபோதும் அதே வாங்கில் இருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்துநாலு நாளும் பஸ் ஏறி வந்து அந்த வாங்கில் இருந்துவிட்டுப் போனார். முதல் ஒன்பது நாளும் பிள்ளையைப் பார்க்க அவரை விடவில்லை. ஆனாலும் வந்தார்.

பத்தாவது நாள் ஒரு தாதி மனமிரங்கி அவரை உள்ளே கூட்டிவந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. சுற்றிவர வயர்களும் விளக்கும் குழாய்களுமாகப் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சின்ன உடம்பைப் பார்த்து அவர் சிரித்துவிடுவாரோ என்று. அழுதுவிடுவாரோ என்றும் பயந்தேன்.

இரண்டும் செய்யவில்லை. ஒவ்வொரு வயராகக் காட்டி, இது எதுக்கு, அது எதுக்கு என்று தாதியிடம் விசாரித்தார். அவள் பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு ராத்தா கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து பிள்ளைக்கு விளக்கினார்.

"இது உனக்கு மூச்சு. இது சூடு. இது பால். இது சும்மா, சத்தம் போடத்தான். பயப்படாதே."

பிள்ளை காலை ஒரு தரம் உதைத்தது.

என் மகளுக்கு ஒரு வயதாகும்போது புத்தளத்திலிருந்து ராத்தாவின் மகள் வந்து, தாயைத் தனியே விட முடியாதென்று கூட்டிக்கொண்டு போனாள். பிஸ்கட் பெட்டிகளையும் ஏற்றினார்கள். வான் புறப்படும்போது ராத்தா என் மகளைக் கொஞ்சவில்லை, அழவுமில்லை. ஏதோ படம் தொடங்கப்போகிறதுபோல முன்னால் பார்த்துக்கொண்டே போனார். அது எனக்கு மனத்தாங்கலாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

இப்போது மகளுக்கு ஏழு வயது. ராத்தாவோடு போனில்தான் பேச்சு. அவருடைய பெருநாளுக்கும் எங்கள் கிறிஸ்மஸுக்கும், இடையில் எப்போதாவது. போன மாதம் பேசியபோது கேட்டேன்.

"இப்பவும் படம் பாக்கிறீங்களா ராத்தா?"

"மகள்ட வீட்டில சுவர் அளவுக்கு டீவி இருக்கு. மெஷின் வேலை செய்யாது, சிடியெல்லாம் பூஞ்சணம். இவங்கள் போடுறதெல்லாம் நல்ல படம். கப்பல் பறந்தா உண்மையா பறக்குது. மிருகம் வந்தா உண்மையான மிருகம். ஒரு பிழை இல்ல."

"பிறகென்ன, நல்லதுதானே?"

"எனக்கு அதில வேலை இல்ல மகள்" என்றார். "எல்லாத்தையும் எடுத்தவனே செஞ்சு முடிச்சுட்டான்."

கவலையில் சொல்கிறாரா, பகிடிக்குச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. முகம் தெரிந்திருந்தாலும் விளங்கியிருக்காது. பிள்ளையின் படிப்பைக் கேட்டார், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார், வைத்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கூட்டிக்கொண்டு புத்தளம் பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்ட கணவர், என்ன விசேஷம், எதற்காகப் போகிறாய் என்று ஜன்னலடியில் நின்று கேட்டார். தெரியாது என்றேன். பஸ் புறப்பட்டுவிட்டது.